ரீச்சரின்ர மனுசனை நான் சாக்காட்டின நாள்

இதை நான் எழுதாமல் விடத்தான் இருந்தனான். ஒரு சைக்கிளைத் தந்து, சில்லைக் கழட்டி அவ்வளவு கம்பியையும் திருப்பிப் பூட்டடா எண்டால் பாட்டுப் பாடிக்கொண்டு பூட்டுவன். ஒரு பக்கம் எழுதடா எண்டால் தண்ணி விடாய்க்கும், கால் விறைக்கும், எழும்பிப் போய் ரோட்டைப் பார்க்க வேணும் போல கிடக்கும். நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு மட்டும். அதிலயும் அரைவாசி நாள் இரணைமடுக் குளத்தில மீன் பிடிக்கப் போன நாள்.

பிறகேன் எழுதிறாய் எண்டு கேப்பியள். சந்தியில என்னோட சேர்ந்து சைக்கிள் கடை வைச்சிருக்கிற கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். போன கிழமை ரீச்சரிட்டை இருந்து ஒரு தபாலட்டை வந்தது. அதை வாசிச்சுப்போட்டு, "அவாவைப் பற்றி ஆராவது எழுதி வைக்க வேணும் மச்சான்" எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அவன் டியூப்புக்குக் காத்தடிக்கிறதை நிப்பாட்டி, "நீயோ? நீ பத்து வரி எழுதினால் நான் மீசையை எடுக்கிறன்" எண்டான். அவன்ர மீசை எங்கட வட்டக்கச்சி ஊர் முழுக்கத் தெரிஞ்ச மீசை. எண்ணெய் வைச்சு, சீப்பு வைச்சு, ஒரு பிள்ளையை வளக்கிற மாதிரி வளக்கிறான். அதை எடுப்பிக்கத்தான் தொடங்கினனான். பத்து வரி எப்பவோ தாண்டியிட்டுது. இப்ப நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு.

எங்கட ஊர், யாழ்ப்பாணத்தில காணி காணாத சனத்துக்கு வயலும் வீடும் குடுத்து, குளத்துத் தண்ணியைக் காட்டிக் குடியேத்தின ஊர். எல்லாரும் வேற எங்கையோ இருந்து வந்த ஆக்கள் எண்டபடியால் புதுசா வாற ஆளை ஒருத்தரும் புதினமாப் பார்க்கிறேல்லை. ரீச்சரைப் பார்த்தவை. அவா தனிய வந்தவா. கழுத்தில தாலிக்கொடி கிடக்கு, பக்கத்தில மனுசனைக் காணேல்லை.

பஸ்ஸில இருந்து அவான்ர பெட்டியை நான்தான் இறக்கினனான். கறுப்புப் பெயின்ற் அடிச்ச இரும்புப் பெட்டி. மூடியில வெள்ளையால ஏதோ நம்பர் எழுதிக் கிடந்தது.

"என்ன ரீச்சர், மறியல் வீட்டில இருந்து வந்த பெட்டியோ?"

"ஆமியில இருந்து வந்த பெட்டி. கையைப் பார்த்து வை தம்பி, வெடிக்கும்."

சும்மா சொன்னவா. ஆனா நான் கையை எடுத்துப்போட்டன். பெட்டி ரோட்டில விழுந்தது. என்னை அப்பிடி ஏமாத்தின முதல் ஆள் அவாதான்.

மனுசன் ஆமியில, கொழும்புப் பக்கத்துக் காம்ப் ஒண்டில. அவைக்குக் கலியாணம் முடிஞ்சு நாலு வருசம். ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இருந்த நாள் முழுக்கக் கூட்டினாலும் நாலு மாதம் வராது எண்டு ரீச்சரே சொன்னவா. கலியாணம் கட்டின ஆக்களுக்குக் காம்புக்குப் பக்கத்தில வீடு குடுப்பினமாம், குவாட்டர்ஸ் எண்டு. அதுக்கு ஒரு வரிசை. அவரின்ர பேர் எங்கையோ அடியில கிடந்து, பன்னிரண்டாவதா வந்து, பிறகு ஏழாவதா வந்தது. வீடு கிடைச்சால் அவா போயிடுவா. கிடைக்காட்டில் இஞ்சை இருப்பா. அவான்ர சீவியம் முழுக்க அந்த ஒரு வீட்டிலதான் தொங்கிக்கொண்டு நிண்டது.

அவா முன் அறை எடுத்திருந்த வீட்டில ஒரு நல்ல அலுமாரி சும்மா கிடந்தது. அவா உடுப்பை அதுக்குள்ள வைக்கமாட்டா. அந்த இரும்புப் பெட்டிக்குள்ளதான் எல்லாம். அதுவும் ஆமிக்காரர் மாதிரிச் சதுரமா மடிச்சு.

"ஏன் ரீச்சர், அலுமாரிக்குள்ள பாம்பு கிடக்கோ?"

"நாளைக்கு வா எண்டு கடிதம் வந்தால் நாளைக்கே வெளிக்கிட வேணும்."

அந்த நாளைக்கு ரெண்டு வருசமா வரேல்லை.

படிப்பிக்கிறது எண்டால் அவா நடந்துகொண்டுதான் படிப்பிப்பா. கதிரையில இருந்ததை ஒருத்தரும் கண்டதில்லை. ரெண்டாம் வகுப்புப் பிள்ளையளைத் தண்ணி குடிக்கவும் வரிசையில, லெப்ட் ரைட் போட்டுத்தான் கொண்டுபோவா. மனுசன் லீவில வந்த ரெண்டு தரமும், அதே பிள்ளையள் வேலிக்கு வெளியில வரிசையா நிண்டு அவருக்குச் சலூட் அடிச்சதுகள். அவரும் சறத்தோட பல்லு மினுக்கிக்கொண்டு நிண்டவர், வாயில நுரையோட நிமிந்து நிண்டு திருப்பி அடிச்சவர். உயரமான, கூச்சமான மனுசன். சாப்பாட்டை அஞ்சு நிமிசத்தில முடிச்சுப்போட்டு, ரீச்சர் தின்னுறதைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். வீட்டுக்காரப் பொம்பிளை ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவா.

ஊரில அவாவுக்குப் பேர் ஆமி ரீச்சர். அதை ஆமை ரீச்சர் எண்டு மாத்தினது நான். வெய்யிலோ மழையோ ஒரு கறுப்புக் குடையைத் தலையோட ஒட்டப் பிடிச்சுக்கொண்டு வருவா, தூரத்தில பார்த்தால் ஓடு நடந்து வாற மாதிரித்தான் தெரியும். பேர் ஒட்டியிட்டுது. அவாவுக்கும் தெரியும். ஒருநாள் கடையடியால போகேக்க, "தம்பி, ஆமையின்ர குடைக்கு ஒரு கம்பி உடைஞ்சு போச்சு, பூட்டித் தா" எண்டு நீட்டினவா. என்ர முகம் எப்பிடிப் போச்செண்டு கூட்டாளி இப்பவும் நடிச்சுக் காட்டுவான்.

ஒரு ஏப்ரல் முதலாந் திகதி, ஏப்ரல் பூல் நாளிலதான் நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தன். பள்ளிக்கூட வேலியடியில சைக்கிளை நிப்பாட்டி, "ரீச்சர், ரீச்சர், ஐயா பஸ்ஸால இறங்கி வாறார்!" எண்டு கத்தினன். சும்மா ஒரு பகிடிக்கு. அவா கையில இருந்த சோக்கையும் போடாமல், குடையையும் எடுக்காமல், அந்த வெய்யிலுக்குள்ள சந்தி மட்டும் ஓடி வந்தவா. சந்தியில பஸ்ஸுமில்லை, ஐயாவுமில்லை. ஒரு மாடு நிண்டது. அவா என்னை ஏசேல்லை. ரோட்டின்ர அந்தத் தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துப்போட்டுத் திரும்பி நடந்தா. ஏசியிருந்தால் நான் மறந்திருப்பன்.

இனி ஒரு விசயம் சொல்ல வேணும், இல்லாட்டில் மிச்சம் விளங்காது. மனுசன் எழுதிற ஒவ்வொரு கடிதத்தின்ர அடியிலயும் அஞ்சு சிங்களச் சொல்லு எழுதி, கருத்தும் எழுதி விடுவார். ரீச்சர் அதைக் கொப்பியில எழுதி எழுதிப் பழகுவா. சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்து, அரசாங்கக் கந்தோர்க் கடிதம் எல்லாம் சிங்களத்தில வரத் தொடங்கி, ஊர்ச் சனம் அதைக் கிழிச்சு எறிஞ்சுகொண்டு திரிஞ்ச காலம் அது. சிங்களம் படிக்கிறது எண்டால் முகத்தைச் சுழிப்பினம். ஆரோ கேட்டதுக்கு ரீச்சர் சொன்னவா: "சட்டத்துக்காகப் படிக்கேல்லை. குவாட்டர்ஸுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரியிட்டைக் கறிவேப்பிலை கேக்கப் படிக்கிறன்."

எனக்கும் சிங்களம் தெரியும். தெரியும் எண்டு சொல்லித் திரிஞ்சனான். அநுராதபுரத்தில ஒரு பேக்கரியில ஆறு மாதம் மாப் பிசைஞ்சனான். பாண், சீனி, கெதியா, அடிப்பன், இவ்வளவும் நல்லா விளங்கும். எழுத்து ஒண்டும் தெரியாது. ஆனா ஊரில ஒரு சிங்கள ஆள் வந்தால் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவினம். நானும் தோளில துவாயைப் போட்டுக்கொண்டு பெரிய ஆள் மாதிரிப் போவன்.

அந்த ஏப்ரல் கழிஞ்சு ஒருநாள். அண்டைக்கு ஒருத்தரும் கூப்பிடேல்லை. காலமை பத்து மணி இருக்கும். ஒரு லொறி வந்து எங்கட கடைக்கு முன்னால நிண்டுது. எஞ்சினை நிப்பாட்டேல்லை. சாரதி ஒரு சிங்கள ஆள். ஒரு பக்கக் கன்னம் பலாக்காய் மாதிரி வீங்கி, தாடையையும் உச்சியையும் சேர்த்துத் துவாயால கட்டியிருந்தான். கண்ணால தண்ணி வழியுது. கிளிநொச்சி மில்லில அரிசி ஏத்தி ரீச்சரின்ர மனுசன் இருக்கிற காம்புக்குக் கொண்டுபோற லொறி அது எண்டும், சேதி சொல்லத்தான் பாதையை விட்டு இவ்வளவு தூரம் வந்தவன் எண்டும் கையாலயும் வாயாலயும் சொன்னான். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, வாயைத் திறக்க ஏலாமல் திறந்து,

"மல்லி, ரீச்சர்கே மஹத்தயா மருணா. ரீச்சர்ட கியன்ன" எண்டான்.

மல்லி எண்டால் தம்பி. ரீச்சரிட்டைச் சொல்லு எண்டதும் விளங்கிச்சுது. ரீச்சர்கே மஹத்தயா எண்டால் ரீச்சரின்ர ஐயா. மருணா எண்டால் செத்துப்போனார். பேக்கரியில எலி செத்தாலும் அந்தச் சொல்லுத்தான். நான் வாயைத் திறக்க முதல் அவன் லொறியைத் திருப்பிக்கொண்டு போயிட்டான். புழுதி அடங்கினாப் பிறகும் நான் அந்த இடத்திலயே நிண்டன்.

"என்னவாம்?" எண்டான் கூட்டாளி.

சொன்னன்.

"இதிலயும் விளையாடாதை."

"விளையாடேல்லையடா."

அவன் என்ர முகத்தைப் பார்த்தான். பிறகு கடைக் கதவைச் சாத்தி, "போய்ச் சொல்லு. நீதான் கேட்டனி, நீதான் சொல்ல வேணும்" எண்டான்.

பள்ளிக்கூடம் அரைக் கட்டை தூரமில்லை. அந்தத் தூரத்துக்குள்ள நான் மூண்டு தரம் சைக்கிளால இறங்கி ஏறினன். ஒருக்கால் செயின் கழண்டது. மற்ற ரெண்டு தரமும் ஒண்டும் கழரேல்லை.

வேலியடியில என்னைக் கண்டதும் ரீச்சர் சோக்கோட வெளியில வந்தா. முகத்தில ஒரு சின்னச் சிரிப்பு.

"இண்டைக்கு ஆர் பஸ்ஸால இறங்கினது?"

"ரீச்சர், பகிடி இல்லை. ஒரு லொறிக்காரன் வந்தவன். காம்புக்கு அரிசி ஏத்திறவன்."

"சரி?"

"ஐயா மோசம் போயிட்டாராம் ரீச்சர்."

அவா விழேல்லை, கத்தேல்லை. சோக்கு மட்டும் ரெண்டா முறிஞ்சது. உள்ள பிள்ளையள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிண்டதுகள். ஏழேழு நாப்பத்தொன்பது எண்டு முடியேக்கதான் அவா கேட்டா.

"அவன் தமிழிலயோ சொன்னவன்?"

"இல்லை, சிங்களத்தில."

"நீயோ தமிழாக்கினனி?"

"ஓம்."

"உன்ர தமிழ் எனக்கு வேண்டாம். அவன்ர வாயால வந்ததை அப்பிடியே சொல்லு."

"மஹத்தயா மருணா."

"திருப்பிச் சொல்லு."

"மஹத்தயா மருணா."

"‘ம’ எண்டவனோ, ‘மா’ எண்டவனோ?"

எனக்கு விளங்கேல்லை. அவா முறிஞ்ச சோக்கால வேலிக் கதியாலில எழுதிக் காட்டினா. ஒரு ‘ம’. பக்கத்தில இன்னொரு ‘ம’, அதுக்கு ஒரு அரவு போட்டு ‘மா’ ஆக்கினா.

"மருணா எண்டு குறிலில சொன்னால் செத்துப்போனார். மாரு வுணா எண்டு நெடிலில சொன்னால் இடம் மாறிப்போனார். கெதியாச் சொன்னால் மாருணா எண்டுதான் கேக்கும். அவர் போன மாதம் எழுதின அஞ்சு சொல்லில அதுவும் ஒண்டு. வடிவா யோசிச்சுச் சொல்லு தம்பி. குறிலோ, நெடிலோ?"

மூண்டாம் வகுப்பில இதே கேள்விக்குத்தான் வாத்தியார் என்னை முழங்காலில விட்டவர். குறிலை ஒரு மாத்திரையில சொல்ல வேணும், நெடிலை ரெண்டு மாத்திரையில சொல்ல வேணும் எண்டு அவர் கத்தக் கத்த, நான் கூரையில பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தனான். இப்ப பல்லி இல்லை. ஒரு மாத்திரைக்கும் ரெண்டு மாத்திரைக்கும் நடுவில ஒரு மனுசன் நிக்கிறார், சறத்தோட, வாயில நுரையோட.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தன். மருணா. மாருணா. ரெண்டும் அவன் சொன்ன மாதிரித்தான் கிடந்தது. சொல்லச் சொல்ல அந்தச் சொல்லு சவர்க்காரம் மாதிரித் தேஞ்சுகொண்டு போச்சு. பத்தாந்தரம் சொல்லேக்க அவன் என்ன சொன்னவன் எண்டதே எனக்கு மறந்துபோச்சு.

"அவனுக்கு வாய் வீங்கி இருந்தது ரீச்சர்."

"அழுதவனோ?"

"கண்ணால தண்ணி வந்தது. ஆனா அது பல்லுக்கோ என்னவோ."

அவா ஒரு மூச்சு இழுத்தா.

"லொறி எங்க போனது?"

"கிளிநொச்சிக்கு. மில்லுக்கு."

"போ. பிடிச்சுக் கேட்டுக்கொண்டு வா. அதுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை."

"நீங்கோ வீட்டை போய் இருங்கோ ரீச்சர்."

"போய் என்னெண்டு இருக்கிறது?" எண்டா. "பிள்ளையளுக்குச் சொல்வதெழுதுதல் இருக்கு."

நான் சைக்கிள் ஓடின ஓட்டம் அண்டையான் ஓட்டம்தான். வாய்க்கால் கரையால விட்டு, வயல் வரம்பால குறுக்கால விழுந்து, ஒரு வண்டில்காரனிட்டை ஏச்சு வாங்கி, மில்லடிக்குப் போனால் லொறி நிக்குது, ஆளில்லை. "பல்லுப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்" எண்டினம். ஆஸ்பத்திரிக்கு ஓடினன். வாங்கில இருக்கிறான். பல்லுப் பிடுங்கியாச்சு. வாய் நிறையப் பஞ்சு.

நான் முன்னால குந்தியிருந்து கேட்டன்:

"மஹத்தயா மருணாத?"

ஓம் எண்டு தலையாட்டினான்.

பிறகுதான் யோசிச்சன். நான் கேட்டது குறிலோ நெடிலோ எண்டு எனக்கே தெரியாது. நான் என்னத்தைக் கேட்டனான், அவன் என்னத்துக்குத் தலையாட்டினவன்? அதனால கண்ணை மூடி, கையை நெஞ்சில வைச்சு, தலையைச் சரிச்சு, செத்த ஆள் மாதிரிக் காட்டினன். அவன் என்னைப் பாவமாப் பார்த்து, தன்ர தாடையைத் தொட்டு, கையை விரிச்சு ஆட்டினான். பல்லுப் பிடுங்கேக்க தான் மயங்கினதோ எண்டு நான் கேட்டனான் எண்டு நினைச்சிட்டான் போல.

வாங்கில இருந்த ஒரு கிழவி, "இந்தப் பெடிக்கு என்ன வருத்தம்?" எண்டு பக்கத்து ஆளிட்டைக் கேட்டா.

கடைசியா, எழுது எண்டு கையால காட்டினன். அவன் தன்ர மருந்துத் துண்டின்ர பின்பக்கத்தில, சட்டைப்பையில இருந்த, நனைச்சால் ஊதாவா எழுதிற பென்சிலை நாக்கில நனைக்கப் போய், பஞ்சு தடக்க, என்ர நாக்கில நனைச்சுத் தரச் சொல்லிக் கையால காட்டினான். நனைச்சுக் குடுத்தன். ரெண்டு வரி எழுதித் தந்தான். சுருளும் வளையமுமா, தட்டில தேன்குழல் கொட்டின மாதிரி.

துண்டைச் சட்டைப்பையில வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். அவர் உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டது என்ர நெஞ்சில ஒட்டிக்கொண்டு கிடக்கு, என்னால வாசிக்க ஏலாது. றெயில்வே ஸ்ரேசனில வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கு. ஸ்ரேசன் வாசல் மட்டும் போனன். இறங்கி, துண்டை எடுத்து, திருப்பி வைச்சன். ரீச்சருக்கு முதல் வேற ஆரும் வாசிக்கக்கூடாது எண்டு நினைச்சனான் எண்டு பிறகு எல்லாருக்கும் சொன்னனான். அது பொய். எனக்குப் பயம். குறில் எண்டு தெரிஞ்சால், இன்னொருக்கால் அவாவுக்கு முன்னால போய் அதைச் சொல்ல என்னால ஏலாது.

திரும்பி வரேக்க சைக்கிள் பாரமாக் கிடந்தது. ஒவ்வொரு மதகடியிலயும் நிண்டு துண்டு இருக்கோ எண்டு தடவிப் பார்த்தன். வேர்வையில பென்சில் ஊறி, சட்டைப்பை ஊதாவாப் போயிட்டுது. அதைக் கண்டதும் இன்னும் பயந்துபோனன்.

பள்ளிக்கூடம் விடுற நேரம் தாண்டியிட்டுது. மற்ற வகுப்பெல்லாம் போயிட்டுதுகள். ரீச்சரின்ர பிள்ளையள் மட்டும் குனிஞ்சு எழுதிக்கொண்டிருக்குதுகள். காலமையில இருந்து சொல்வதெழுதுதல். சாப்பாட்டுக்கு மட்டும் விட்டவாவாம். ஒரு பெட்டை விரலை உதறி உதறி அழுகிற மாதிரி இருந்தாள். ரீச்சர் வரிசைக்கு வரிசை நடந்துகொண்டு, "குளம். குடம். கூடம். குருவி. கூரை" எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. எல்லாம் குறிலும் நெடிலும்.

நான் துண்டை நீட்டினன். அவா என்ர முகத்தைப் பார்க்கேல்லை, துண்டை மட்டும்தான் பார்த்தா. முதல் எழுத்து ஊதாவாப் பரவிக் கிடந்தது. சிங்களத்தில அந்த ரெண்டு எழுத்துக்கும் பக்கத்தில ஒரு கொக்கி வருமாம். ஒண்டுக்கு நேர இருக்கும், மற்றதுக்கு ஒரு சின்னச் சுழி. சுழி வாற இடத்திலதான் என்ர வேர்வை.

"தெரியேல்லை" எண்டா.

பிறகு ரெண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தா விரலை வைச்சு எண்ணத் தொடங்கினா. சத்தம் வராமல் வாய் மட்டும் அசைஞ்சது. ஒருக்கால் எண்ணினா. திரும்ப முதலில இருந்து எண்ணினா.

"மருணாவுக்கு மூண்டு எழுத்து," எண்டா. "இதில நாலு கிடக்கு. மா, ரு, வு, ணா. ‘வு’ இருக்குத் தம்பி. இஞ்சை பார், ‘வு’ இருக்கு."

எனக்கு அது என்ன எழுத்தெண்டு தெரியாது. ஓம் ஓம், இருக்கு ரீச்சர் எண்டன்.

அவா பின்னுக்குப் போய்க் கதிரையில இருந்தா. ரீச்சர் கதிரையில இருந்ததைக் கண்ட வகுப்பு, என்னவோ நடந்திட்டுது எண்டு பயந்து முழுக்க எழும்பி நிண்டிட்டுது. அதைப் பார்த்து அவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினவா நிப்பாட்டேல்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை. பிள்ளையள் ஒண்டும் விளங்காமல் சலூட் அடிச்சுக்கொண்டு நிண்டதுகள்.

கண்ணைத் துடைச்சுப்போட்டு ரெண்டாவது வரியை வாசிச்சா. அது கெதியா விளங்கியிட்டுது. இடத்தின்ர பேர். கொழும்புப் பக்கத்தில இருந்து மலைநாட்டில ஒரு காம்புக்கு மாத்தியிருக்கினம். விடிய வெளிக்கிடு எண்டு முதல் நாள் பின்னேரம்தான் சொன்னவையாம். கடிதம் எழுத நேரமில்லாமல்தான் லொறிக்காரனிட்டைச் சொல்லிவிட்டவர்.

"நல்லம்தானே ரீச்சர்" எண்டன்.

"ஓம், நல்லம்" எண்டா. "போன கிழமைதான் வரிசையில ரெண்டாவதா வந்தவர். இனி அங்க போய், அந்தக் காம்பின்ர வரிசையில கடைசியில நிக்க வேணும்."

அப்பதான் எனக்கு உறைச்சது. வேற நாள் எண்டால் இதுதான் உலகத்திலயே கூடாத சேதி. ரெண்டு வருசமாப் பெட்டிக்குள்ள உடுப்பு வைச்சுக்கொண்டு காத்திருந்த வீடு போச்சு. ஆனா நான் கொண்டுபோன மற்றச் சேதிக்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் இது கலியாண வீட்டுச் சேதி. அவாவும் அப்பிடித்தான் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பா. கதிரையில இருந்து எழும்ப நேரம் எடுத்தது.

பிள்ளையளை அனுப்பிப்போட்டு, குடையைக்கூட விரிக்காமல், என்ர சைக்கிளுக்குப் பக்கத்தில சந்தி மட்டும் நடந்து வந்தா. கூட்டாளி பூட்டின கடை வாசலிலயே இருந்தான். ஊரில ஒண்டெண்டால் ஒம்பதாச் சொல்லித் திரியிறவன், அண்டைக்கு வந்து கேட்ட ஆக்களுக்கெல்லாம் தனக்குத் தொண்டைக்கட்டு எண்டு கையால காட்டினவனாம். அவனைக் கண்டதும் ரீச்சர், "உயிரோட இருக்கிறார்" எண்டா. அவன் மீசையைத் தடவினபடி மற்றப் பக்கம் திரும்பியிட்டான்.

"நாலஞ்சு மணித்தியாலம் நான் தாலி இல்லாத பொம்பிளை" எண்டு ரீச்சர் எங்களுக்கோ ரோட்டுக்கோ சொன்னா. "அவ்வளவு நேரமும் நான் குவாட்டர்ஸைப் பற்றி ஒருக்காலும் நினைக்கேல்லை."

அந்த வெள்ளிக்கிழமை அவா போயிட்டா. சம்பளமில்லாத லீவு எழுதிக் குடுத்திட்டுப் போனவா, பிறகு வேலையையும் விட்டிட்டா. "வீடு இல்லாமல் போய் எங்க இருக்கப் போறாய் பிள்ளை?" எண்டு வீட்டுக்காரப் பொம்பிளை அழுதவா. ரெண்டாம் வகுப்புக்கு அந்த வருசம் முழுக்க வேற ரீச்சர் வரேல்லை, பெரிய வாத்தியார் அதுக்கு என்னைத்தான் முறைச்சுக்கொண்டு திரிஞ்சவர். 

பெட்டியை பஸ்ஸின்ர கூரையில ஏத்திக் கட்டினது நான். இறங்கி வந்து யன்னலடியில நிண்டன். ஏதாவது பகிடி விட வேணும் எண்டு பார்க்கிறன், ஒண்டும் வரேல்லை. அவாதான் தொடங்கினா.

"என்ன, ஆமை போகுது எண்டு கவலையோ?"

"வீடு தந்தாப் பிறகு போகலாம்தானே ரீச்சர்."

"நீ வைச்ச பேர்தான். ஆமைக்கு ஆரடா குவாட்டர்ஸ் குடுக்கிறது? அது தன்ர வீட்டைத் தானே காவிக்கொண்டு போகுது." மேல பெட்டியைக் கண்ணால காட்டினா. "எனக்குத்தான் அது விளங்க இவ்வளவு காலம் எடுத்தது."

பஸ் வெளிக்கிட்டுது. அவா தலையை வெளியில நீட்டி, "என்ர தாலியை ஒரு எழுத்தால அறுக்கப் பார்த்தவன் நீ! குறில் நெடிலைப் படி!" எண்டு கத்தினா. பஸ்ஸில இருந்த சனம் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

போன கிழமை வந்த தபாலட்டையில, ஒரு மரக்கறிக்காரியின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு அறையில இருக்கிறதா எழுதியிருந்தா. இன்னும் குவாட்டர்ஸ் கிடைக்கேல்லையாம், வரிசையில ஒம்பதாவதாம். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒண்டில படிப்பிக்கிறாவாம். அந்த மலையில ஏறி இறங்கி நடந்து நடந்து செருப்புத் தேயுதாம். கறிவேப்பிலை கேக்கத் தேவையில்லையாம், மரக்கறிக்காரி கேக்காமலே தாறாளாம். அடியில வேற கையெழுத்தில ரெண்டு வரி: "என்னைக் கொன்றவருக்குச் செத்தவர் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீர் சுகமோ?"

நான் சுகமில்லை எண்டு எழுத ஏலுமோ? சுகம்தான். ஆனா அந்த அட்டையை வாசிச்ச நாளில இருந்து எனக்குக் கடையில இருக்க ஏலாமல் கிடக்கு. லொறி ஒண்டு வந்து நிண்டால் எழும்பிப் போய்ப் பார்க்கிறன். பஸ் வந்தால் போய்ப் பார்க்கிறன். இதை எழுதி முடிச்சு அவைக்கு அனுப்பலாம் எண்டு பார்க்கிறன். அவர் செத்துப்போகேல்லை, மரு வுணா, இடம்தான் மாறினவர் எண்டு எல்லாரும் விளங்கிற மாதிரித் தெளிவா எழுதியிருக்கிறன். பிழை கிடந்தால் திருத்து எண்டு கூட்டாளியிட்டை எல்லாத் தாளையும் குடுத்தன். அவன் கை கழுவிப்போட்டு வந்து, முழுக்க வாசிச்சு, மீசையை ஒருக்கால் கடைசியாத் தடவிப் பார்த்துச் சொன்னான்:

"டேய், மீசையை எடுக்கிறன், ஆனா கடைசித் தாளில ‘ம’வுக்கு அரவு போடாமல் அந்த மனுசனைத் திரும்பவும் சாக்காட்டிப்போட்டாய்."